அலாஸ்காவில் மீன் பிடிக்கப் போகலாமா?

மாணவ நண்பர்களே! ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். உலகப் படம் இருந்தால் அதையும் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் ஒரு மீன்பிடிப் பயணத்துக்குத் திட்டம் போடப் போகிறோம்.

படத்தில் வட அமெரிக்காவின் வடமேற்கு மூலையைப் பாருங்கள். அதுதான் அலாஸ்கா, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாநிலங்களில் மிகப் பெரியது. அதன் தென்கரையில் ஓரிடத்தில் கடல், நீண்ட விரலைப் போல, நிலத்துக்குள் சுமார் 300 கிலோமீட்டர் நுழைந்திருக்கிறது. அதற்குக் 'குக் இன்லெட்' என்று பெயர். 1778-இல் கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பலில் இங்கே வந்ததால் அந்தப் பெயர் ஏற்பட்டது. அந்த விரலின் அடிப்பக்கத்தில், கச்சமாக் விரிகுடாவின் கரையில், ஹோமர் என்ற சிறிய ஊர் இருக்கிறது. கோடைக்காலத்தில் சால்மன் மீனும் ஹாலிபட் மீனும் பிடிப்பதற்கென்றே மக்கள் அங்கே வந்து கூடுகிறார்கள். நாமும் அங்கேதான் போகிறோம். செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தாளின்மேல் போகும் பயணத்துக்குக் காசு வேண்டாம்!

சரி, தாளில் முதலில் எதை எழுதுவது? படகு, தூண்டில், இரை என்று எழுதத் தொடங்குகிறீர்களா? சற்றுப் பொறுங்கள். எந்த மாதம் போவது? அந்த மாதத்தில் எந்த நாள்? அந்த நாளில் எந்த மணி? எத்தனை மீன் பிடிக்கலாம்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை தெரியாமல் தூண்டில் வாங்கிப் பயனில்லை. வேடிக்கை என்னவென்றால், இவற்றில் ஒன்றுக்குக்கூட நம் விருப்பப்படி விடை எழுத முடியாது. மீன்களும் நிலாவும் அந்த விடைகளை முன்னதாகவே எழுதி வைத்திருக்கின்றன. அவற்றைப் படித்தறிவதே நம் வேலை.

மாதத்தைச் சொல்லும் சால்மன்

சால்மன் பிறப்பது ஆற்றில்; வளர்வது கடலில். ஆற்றுப்படுகையின் சரளைக் கற்களுக்கு இடையே தாய் மீன் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஆற்றோடு இறங்கிக் கடலை அடைகின்றன. அங்கே தின்று கொழுத்து, பருவம் வந்ததும் தாம் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. ஆற்றில் நுழைந்தபின் அவை இரை எடுப்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பை எரித்து, எதிர்நீச்சல் போட்டு மேலேறி, முட்டையிட்டுவிட்டு இறந்துபோகின்றன. ஆயுளில் ஒரே ஒரு முறைதான் அவை முட்டையிடும்.

அலாஸ்காவில் இவ்வாறு வாழும் சால்மன் வகைகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் உண்டு. ஐந்திலும் பெரியதான கிங் சால்மன் மே மாதம் முதலே வரத் தொடங்கும். சிவந்த தசையுள்ள சாக்கை சால்மன் ஜூன், ஜூலை மாதங்களில் வரும். பிங்க் சால்மனும் சம் சால்மனும் ஜூலை, ஆகஸ்டில் வரும். கடைசியாக வருவது வெள்ளிபோல் மின்னும் கோஹோ. ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் வரை அதன் காலம். இவற்றுள் பிங்க் சால்மனின் கணக்கு இன்னும் விந்தையானது. பிறந்து சரியாக இரண்டாம் ஆண்டில் அது திரும்பி வந்துவிடும். ஆகவே ஓர் ஆற்றில் ஒற்றைப்படை ஆண்டில் வரும் பிங்க் மீன்களும் இரட்டைப்படை ஆண்டில் வருபவையும் ஒன்றோடொன்று கலப்பதே இல்லை!

பிறந்த ஆற்றை மீன் எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஆர்தர் ஹாஸ்லர் என்ற அமெரிக்க விஞ்ஞானியை நெடுங்காலம் குடைந்த கேள்வி இது. ஒருநாள் அவர் தம் சொந்த மாநிலமான யூட்டாவில் ஒரு மலைமேல் ஏறிக்கொண்டிருந்தார். கண்ணுக்குத் தெரியாத ஓர் அருவியின் பக்கமிருந்து பாசியும் காட்டுப் பூக்களும் கலந்த வாசனை காற்றில் வந்தது. உடனே, மறந்துபோன இளமைக்கால நினைவுகள் அவர் மனத்தில் பொங்கி எழுந்தன. 'ஒரு வாசனை எனக்கே இப்படி ஊரை நினைவுபடுத்துமானால், மீனுக்கும் அப்படித்தானோ?' என்று அவர் எண்ணினார். ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண்ணும் செடிகொடிகளும் தரும் தனி வாசனை உண்டு. குஞ்சாக இருக்கும்போதே மீன் அதை மனத்தில் பதித்துக்கொள்கிறது என்ற கருத்தை, அவரும் வாரன் விஸ்பியும் 1951-இல் வெளியிட்டார்கள். பின்னர் 1970-களில், கோஹோ குஞ்சுகளை மார்ஃபோலின் என்ற வேதிப்பொருள் கலந்த நீரில் வளர்த்து மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். அவை வளர்ந்து திரும்பும் காலத்தில் ஓர் ஓடையில் அதே பொருளைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார்கள். மீன்கள் அந்த ஓடையைத் தேடி வந்தன! நடுக்கடலிலிருந்து கரைவரை வழிகாட்டுவதில் பூமியின் காந்தப் புலத்துக்கும் பங்கு உண்டு என்பதற்கு இப்போது சான்றுகள் கிடைத்துள்ளன. ஆற்றின் வாயிலை அடைந்தபின் வழிகாட்டுவது மூக்குதான்.

ஹோமரில் இதை நேரிலேயே காணலாம். அங்கே கடலுக்குள் நீண்டிருக்கும் மணல் திட்டில் ஒரு செயற்கைக் குட்டை இருக்கிறது. கடல்நீர் அதில் வந்து போகும். ஆனால் அதில் கலக்கும் ஆறு எதுவும் இல்லை. பண்ணையில் பொரித்த கிங், கோஹோ குஞ்சுகளை அங்கே கொண்டுவந்து, சில காலம் வைத்திருந்து, பின் கடலில் விடுகிறார்கள். அந்த மீன்கள் பெரியவையானதும், முட்டையிடச் சரளைக்கல் ஒன்றுகூட இல்லாத அந்தக் குட்டையையே 'பிறந்த வீடு' என்று நம்பித் திரும்பி வருகின்றன. அவற்றைப் பிடித்தால் எந்த ஆற்றின் சந்ததியும் குறையாது.

தாளில் முதல் விடையை எழுதுங்கள்: கோஹோ வேண்டுமென்றால், மாதம் ஆகஸ்டு.

கண் இடம் மாறிய ஹாலிபட்

இனி நம் இரண்டாவது மீன். ஹாலிபட் ஒரு தட்டை மீன். நம் கடலில் மீனவர்கள் 'எருமை நாக்கு' என்று அழைக்கும் மீனைப் பார்த்திருக்கிறீர்களா? அதுவும் தட்டை மீன்களின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆங்கிலத்தில் அதை 'இந்திய ஹாலிபட்' என்கிறார்கள். அதன் விஞ்ஞானப் பெயரிலும் 'எருமெய்' என்ற சொல் இருக்கிறது!

முட்டையிலிருந்து வரும்போது ஹாலிபட் மற்ற மீன்களைப் போலத்தான் இருக்கும். பக்கத்துக்கு ஒரு கண். சில மாதங்களில், சுமார் ஓர் அங்குல நீளம் வளர்ந்த நிலையில், அதன் இடக் கண் மெல்ல நகர்ந்து தலையைத் தாண்டி வலப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. பிறகு அந்த மீன் இடப் பக்கம் கீழாகக் கடலடியில் படுத்துக்கொள்கிறது. மேற்பக்கம் மணலின் நிறம், கீழ்ப்பக்கம் வெள்ளை. மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு அது தரையாகவும், கீழிருந்து பார்ப்பதற்கு வானமாகவும் தோன்றும்.

நவம்பர் முதல் மார்ச் வரை, இருண்ட ஆழ்நீரில் ஹாலிபட் முட்டையிடும். கோடையில் இரை தேடி ஆழம் குறைந்த பகுதிகளுக்கு வரும். ஆகவே ஆகஸ்டு மாதம் இதற்கும் ஏற்றதே.

எவ்வளவு பெரியது இந்த மீன்? 1996-இல் அலாஸ்காவின் டச்சு துறைமுகத்தில் தூண்டிலில் பிடிபட்ட ஒரு ஹாலிபட்டின் எடை 459 பவுண்டு. அதாவது 208 கிலோகிராம்! அதன் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை அறுத்தால், மரத்தில் இருப்பதுபோல் ஆண்டு வளையங்கள் தெரியும். அவற்றை எண்ணி வயதைச் சொல்கிறார்கள். 55 வயது வரை வாழ்ந்த ஹாலிபட்கள் உண்டு.

நாளையும் மணியையும் சொல்லும் நிலா

ஹாலிபட் தரையில் படுத்திருக்கும் மீன் அல்லவா? ஆகவே இரை தரைவரை போக வேண்டும். அதற்காகத் தூண்டில் நரம்பில் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று ஈயக்குண்டு கட்டுவார்கள். ஆனால் குக் இன்லெட்டில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. அதுதான் ஓதம்.

நாள்தோறும் கடல் இரு முறை ஏறி இரு முறை வற்றுகிறது. குக் இன்லெட்டின் உட்கோடியில், ஆங்கரேஜ் நகரத்தருகே, இந்த ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சில நாட்களில் 12 மீட்டரை நெருங்கும். ஹோமரில்கூடச் சில நாட்களில் அது 6 மீட்டருக்கு மேல். இரண்டு மாடி உயரம்! இவ்வளவு நீரும் சுமார் ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்தாக வேண்டும். அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியேறியாக வேண்டும். கடல் ஆற்றைப் போல ஓடுவது இதனால்தான்.

ஓடும் நீரில் ஈயக்குண்டு தரையில் நிற்குமா? ஒரு கணக்குப் போடுவோம். ஆழம் 60 மீட்டர் என்று கொள்வோம். நீரோட்டம் நரம்பை 45 பாகை சாய்த்துவிட்டால், குண்டு தரையைத் தொட 85 மீட்டர் நரம்பு விட வேண்டும். ஓட்டம் இன்னும் வலுத்தால் குண்டு தரையை விட்டு எழும்பிவிடும். நீரின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு!

ஆகவே நீர் மெதுவாக ஓடும் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதை நிலா சொல்லும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று கடலை இழுக்கின்றன. அப்போது எழுவது பேரோதம். அரைநிலா நாட்களில் அவை செங்கோணத்தில் நின்று இழுப்பதால், ஒன்றின் விளைவை மற்றொன்று ஓரளவு குறைத்துவிடுகிறது. அப்போது எழுவது சிற்றோதம். ஒரு பேரோத நாளில் நீர் 8 மீட்டர் ஏறுவதாகவும், ஒரு சிற்றோத நாளில் 4 மீட்டர் மட்டுமே ஏறுவதாகவும் கொள்ளுங்கள். எடுத்துக்கொள்ளும் நேரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே சிற்றோத நாளில் நீரின் வேகம் சுமார் பாதி. தூண்டிலைத் தள்ளும் விசையோ கால் பங்கு!

இரண்டாம் விடையை எழுதுங்கள்: ஆகஸ்டு மாதத்தில், அரைநிலாவுக்கு அடுத்த ஓரிரு நாட்கள்.

இனி மணி. மாலுமிகள் நெடுநாளாகக் கையாளும் ஓர் எளிய விதி இருக்கிறது. மொத்த ஏற்றத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் மணியில் 1 பங்கு, இரண்டாம் மணியில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, ஐந்தாவதில் 2, ஆறாவதில் 1 பங்கு என்று நீர் ஏறும். 6 மீட்டர் ஏற்றமானால் முதல் மணியில் அரை மீட்டர். மூன்றாம் மணியில் ஒன்றரை மீட்டர். ஏற்றம் முடிந்து வற்றம் தொடங்கும் வேளையிலும், வற்றம் முடிந்து ஏற்றம் தொடங்கும் வேளையிலும் நீர் கிட்டத்தட்ட நின்றுவிடும். இடத்துக்கு இடம் இது சற்று முன்பின்னாக நேரும். அந்த வேளைதான் ஹாலிபட் பிடிக்க உகந்தது. நிலாவின் நாள் 24 மணி 50 நிமிடம். ஆதலால் இன்று காலை 8 மணிக்கு நீர் நின்றால், நாளை சுமார் 8 மணி 50 நிமிடத்துக்கு நிற்கும். மூன்றாம் விடையும் கிடைத்துவிட்டது. நமக்கு வசதியான மணியை ஒதுக்கிவிட்டு, ஓத அட்டவணை காட்டும் மணியை எழுதுங்கள்.

அளவறிந்த தூண்டில்

இப்போது தூண்டிலைப் பற்றிப் பேசலாம். தென்கிழக்கு அலாஸ்காவில் வாழும் ட்லிங்கிட் என்னும் பழங்குடி மக்கள், ஹாலிபட்டுக்கென மரத்திலேயே தூண்டில் செய்தார்கள். அடர்த்தி வேறுபட்ட இரண்டு மரத்துண்டுகளை 'வி' வடிவில் இணைத்து, ஓரத்தில் எலும்பு முள் கட்டுவார்கள். அடர்த்தி வேறுபாட்டால் அது தரைக்குச் சற்று மேலே, சரியான நிலையில் மிதந்து நிற்கும். அதன் இடைவெளியில் மிகச் சிறிய மீனின் வாய் பிடிபடாது. மிகப் பெரிய மீனின் வாய் நுழையாது. நடுத்தர மீன் மட்டுமே மாட்டும். எந்த மீனைப் பிடிப்பது, எதை விடுவது என்பதைத் தூண்டிலின் வடிவமே தீர்மானித்துவிடுகிறது!

இன்று ஹாலிபட்டுக்குப் பெரும்பாலும் வட்ட முள் பயன்படுகிறது. அதன் நுனி உள்நோக்கி வளைந்திருப்பதால், வயிற்றில் குத்தாமல் வாயின் ஓரத்தில் மாட்டும். ஆகவே பிடித்ததைத் திரும்ப விட்டால் மீன் பிழைக்கும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை இல்லாததும் இதற்கு உதவுகிறது. அதே கடலடியில் வாழும் பாறை மீன்களுக்குக் காற்றுப்பை உண்டு. ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது அழுத்தம் குறைவதால் அந்தப் பை ஊதிப் பெருத்து, மீன் மறுபடி கீழே இறங்க முடியாமல் மிதக்கும். அவற்றை எடை கட்டி ஆழத்துக்கே கொண்டுபோய் விடுவிக்கும் சாதனம் படகில் இருக்க வேண்டும் என்பது அலாஸ்காவின் சட்டம். பாறை மீன்களில் சில நூறு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியவை, அவற்றை வீணாக்கலாமா?

குளிர்நீரின் எச்சரிக்கை

தாளில் ஒரு வரியைச் சிவப்பு மையால் எழுதுங்கள்: உயிர்காப்புச் சட்டை. கோடையிலும் இங்கே கடல்நீரின் வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அளவில்தான் இருக்கும். காற்றைவிட நீர் சுமார் 25 மடங்கு விரைவாக உடலின் சூட்டை உறிஞ்சுகிறது. குளிர்நீரில் விழுந்தவருக்கு நேர்வதை ஆராய்ந்த கனடா விஞ்ஞானி கோர்டன் கீஸ்பிரெக்ட், 1–10–1 என்று நினைவில் வைக்கச் சொல்கிறார். முதல் 1 நிமிடம் மூச்சு இரைத்துத் திணறும். பதறாமல் மூச்சைக் கட்டுப்படுத்த வேண்டும். அடுத்த 10 நிமிடம் மட்டுமே கைகால்கள் நம் சொற்படி கேட்கும். குளிரால் நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். நீந்தத் தெரிந்தவரும் மூழ்குவது ஏன் என்று புரிகிறதா? கைகால்கள் செயலிழந்தபின் அந்த ஒரு மணி நேரத்தை நமக்குத் தருவது உயிர்காப்புச் சட்டை ஒன்றுதான்.

இன்னொரு வரி: எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை எழுதிக் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுத்தான் படகில் ஏற வேண்டும்.

தப்பிய மீன்களின் கணக்கு

கடைசிக் கேள்வி: எத்தனை மீன்?

16 வயது நிரம்பிய வெளியூர்க்காரர் எவரும் உரிமம் வாங்க வேண்டும். நாளொன்றுக்கு எத்தனை மீன், எந்த அளவு மீன் என்பதை விதிகள் சொல்லும். அவை ஆண்டுதோறும் மாறக்கூடும். பருவத்தின் நடுவிலேயே மாறுவதும் உண்டு. ஏன் இப்படி?

ஹாலிபட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 45 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவை பெண் மீன்கள். 23 கிலோ எடையுள்ள பெண் மீன் சுமார் 5 லட்சம் முட்டையிடும். 113 கிலோ எடையுள்ளது சுமார் 40 லட்சம் முட்டையிடும். எடை ஐந்து மடங்கு. முட்டையோ எட்டு மடங்கு. ஒரு பெண் ஹாலிபட் முட்டையிடும் நிலையை அடையவே ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகின்றன. 'மிகப் பெரிய மீனைப் பிடித்தேன்' என்று பெருமைப்படுபவர், எத்தனை தலைமுறையைத் தூக்கிவிட்டார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இந்த மீன் அழியாமல் காக்க அமெரிக்காவும் கனடாவும் 1923-லேயே ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு பன்னாட்டு ஆணையத்தை அமைத்தன. அது இன்றும் இயங்கி வருகிறது.

சால்மனில் கணக்கு இன்னும் நேரடியானது. ஆற்றின் குறுக்கே ஒலியலைக் கருவிகளை வைத்து, மேலேறும் மீன்களை எண்ணுகிறார்கள். அதிகாரிகள் முதலில் பார்ப்பது, எல்லாத் தூண்டில்களுக்கும் வலைகளுக்கும் தப்பி முட்டையிடப் போன மீன் எத்தனை என்பதைத்தான். அந்த எண்ணிக்கை போதாது என்று தெரிந்தால் உடனே மீன்பிடிப்பை நிறுத்திவிடுவார்கள்.

குக் இன்லெட்டில் கலக்கும் கெனாய் ஆற்றின் கதையைக் கேளுங்கள். 1985-இல் லெஸ் ஆண்டர்சன் என்பவர் அந்த ஆற்றில் தூண்டிலில் பிடித்த கிங் சால்மனின் எடை 97 பவுண்டு 4 அவுன்ஸ். அதாவது 44 கிலோகிராம். உலகப் புகழ்பெற்ற சாதனை அது. அதே ஆற்றில், 2023-இல் கிங் சால்மன் பிடிக்கவே கூடாது என்று தடை விதிக்க நேர்ந்தது. வந்த மீன்கள் அவ்வளவு குறைந்துவிட்டன. அலாஸ்காவின் பல ஆறுகளில் கிங் சால்மனின் எண்ணிக்கையோடு உருவமும் சிறுத்து வருகிறது. நெடுநாள் கடலில் வாழ்ந்து பெருத்துத் திரும்பும் மீன்கள் அரிதாகிவிட்டன. கடல் வெப்பமடைதல், இரைக்கான போட்டி, பகைவிலங்குகள் எனக் காரணங்கள் பல. அவற்றில் எது எவ்வளவு பங்கு என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் நாளை உங்களில் ஒருவரும் சேரலாம்.

இப்போது தாளை எடுத்துப் பாருங்கள். மாதம்: ஆகஸ்டு. நாள்: அரைநிலாவை ஒட்டி. மணி: நீர் நிற்கும் நேரம். கையில்: வட்ட முள், ஈயக்குண்டு. உடலில்: உயிர்காப்புச் சட்டை. கரையில்: நம் திட்டத்தின் ஒரு நகல். எத்தனை மீன் என்ற இடத்தில் ஓர் எண்ணை எழுதும் முன், விதிப் புத்தகத்தைப் பாருங்கள். கிங் சால்மனுக்குத் தடை என்றிருந்தால் கோஹோவுக்காகக் காத்திருங்கள். மணல் திட்டின் குட்டையில் பிடித்தால் இன்னும் நல்லது. பெரிய ஹாலிபட் மாட்டினால், படகின் ஓரத்திலேயே முள்ளைக் கழற்றி அதை விட்டுவிடுங்கள். அது கடலடிக்குப் போய் 40 லட்சம் முட்டையிடட்டும்.

நீங்களே செய்து பாருங்கள்: வீட்டு நாட்காட்டியில் அடுத்த அமாவாசை, பௌர்ணமி நாட்களைக் குறித்துக்கொண்டு, நடுவே வரும் சிற்றோத நாட்களைக் கணக்கிடுங்கள். பிறகு வரைபடத் தாளில் 6 மீட்டர் ஏற்றத்துக்கான பன்னிரண்டு பங்கு விதியை மணிவாரியாகக் குறித்துப் புள்ளிகளை இணையுங்கள். கிடைக்கும் வளைகோடு எதைப் போல இருக்கிறது? உங்கள் கணக்கு ஆசிரியரிடம் காட்டுங்கள். அந்தக் கோட்டின் பெயரை அவர் சொல்வார்.